நோட்டீஸில் என் பெயரை அச்சடித்த மகனுக்கு

மகனே,

போன வெள்ளிக்கிழமை உன் தங்கை தேவராஜ மார்க்கெட்டிலிருந்து இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, சுண்டல் பொட்டலத்தின் காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்காமல் கீழே போடமாட்டாள். பூவை என் மடியில் போட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த ஈரக் காகிதத்தைப் பாவாடையில் ஒற்றி எடுத்துப் படித்தவள், "அம்மா, இதுல உங்க பேரு இருக்குது!" என்று கத்தினாள். முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான். அச்சில் வருகிறவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள் என்று நினைக்கிற வயது. ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தமிழ். இரண்டையும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள்.

"மைசூர் நகர வாக்காளப் பெருமக்களே! பதினாறு ஆண்டுகள் பெஞ்சு மாஜிஸ்திரேட்டாக அமர்ந்து, ஏழை பணக்காரன் என்று பாராமல் நியாயம் வழங்கியவரைப் பிரஜா பிரதிநிதி சபைக்கு அனுப்புங்கள். பொய்க் குற்றம் சாட்டப்பட்டு நின்ற ஓர் ஏழைப் பால்காரத் தாயை ஒரே நொடியில் விடுவித்த நீதிமானை ஆதரியுங்கள். அந்தத் தாய் இன்றும் நஜர்பாத்தில் வாழ்கிறார். அவருடைய வோட்டு இவருக்கே." அதற்குக் கீழே என் பெயர், உன் அப்பா பெயர், வீட்டு நம்பர். எல்லாம் சரியாக இருந்தன. என் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அச்சுக் கோத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்க வீட்டு மனிதன் ஒருவன் இருந்திருக்கிறான் என்று அதிலேயே தெரிந்தது.

எனக்கு எழுதத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் நீ அதை அச்சடித்தாய். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றிவிடுகிறாள், நடுவில் நிறுத்தி "இதுக்கு நல்ல வார்த்தை ஒண்ணு இருக்குதுங்கம்மா" என்கிறாள். எழுதட்டும். நீ என்னைக் கேட்காமல் என் பெயரை ஊருக்கெல்லாம் கொடுத்தாய், ஆகவே நானும் உன்னைக் கேட்காமல் என் பதிலை ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன். தனியாக உனக்கு ஒரு தபால் எழுதிப் போட்டால் அதை நீ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். உன் நோட்டீஸை எதிர்க்கிறவர்கள் தாங்களே இதை அச்சடித்துத் தருவதாக ஆள் அனுப்பினார்கள். வேண்டாம் என்றேன். ஒரு நோட்டீஸிலிருந்து இன்னொரு நோட்டீஸுக்குக் குடிபோகிற பெயர் அல்ல என்னுடையது. நம்மிடம் பால் வாங்குகிற அச்சகக்காரரிடம்தான் கொடுக்கிறேன், முழுக் கூலியோடு. பாலுக்காக எதையும் எனக்குச் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். ஊரில் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அம்மா நோட்டீஸைப் பார்த்துவிட்டாள் என்று. புது அங்கவஸ்திரம் போட்டிருந்தாய். உட்காரக்கூட இல்லை.

"யாரைக் கேட்டுடா போட்டே?" என்றேன்.

"கேக்கறதுக்கு என்னங்கம்மா இருக்குது? நல்ல விசயந்தானே போட்டிருக்குது. ஊர்ல நமக்கு ஒரு மருவாதி."

"என்ர மருவாதிய நான் பாத்துக்குவேன். உனக்கென்ன குடுக்கறேன்னாரு?"

நீ தங்கையைப் பார்த்தாய். அவள் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "சபைக்குப் போனதீம் ரெவின்யூ இலாகாவுல ஒரு குமாஸ்தா வேலை சொல்றேன்னிருக்காரு. பி.ஏ. படிச்சுப்போட்டு இன்னும் எத்தனை நாளைக்கு வக்கீல் ஆபீசுல நகல் எழுதறது?"

"அதுக்கு எம்பட வோட்டை வித்துப்போட்டயா?"

"சும்னே இருங்கம்மா. உங்க வோட்டு நம்ம வோட்டுதானே."

சும்னே இரு. பேசாமல் இரு என்று. மைசூரில் நீ கற்றுக்கொண்ட கன்னடத்தில் எனக்குச் சொல்ல உனக்குக் கிடைத்த வார்த்தை அதுதான். பிறகு போகும்போது, வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னும் ஒரு வார்த்தை சொன்னாய். அதைக் கடைசியில் எழுதச் சொல்கிறேன். அது வரைக்கும் நீயும் சும்னே இருந்து இதைப் படி.

"நம்ம வோட்டு" என்று ஒன்று கிடையாது. அந்த வோட்டு எனக்கு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். ஹனூர்ப் பக்கத்திலிருந்து நானும் உன் அப்பாவும் இரண்டு மாடுகளோடு நடந்தே இந்த ஊருக்கு வந்தோம். மலையடிவாரத்தில் மேய்த்து, வீடு வீடாகப் பால் ஊற்றி, பதினோரு வருஷம் கழித்து இந்த ஓட்டு வீட்டை வாங்கினோம். உன் அப்பா போன பிறகு வீடு என் பெயருக்கு வந்தது. வீட்டு வரி நான் கட்டுகிறேன், ஆகவே வோட்டு எனக்கு. நம் தெருவில் ஆண்பிள்ளைகள் பாதிப் பேருக்கு வோட்டு இல்லை, வாடகை வீட்டுக்காரர்கள் என்பதால். உன் தங்கை போய்ச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, நீங்க இன்னாரு சம்சாரம்னுதான் போட்டிருக்குது, ஆனா நம்பரு உங்க நம்பரு" என்று சொன்னாள். அவளுக்கு அது பெரிய குறை. எனக்கு அந்த நம்பர் போதும்.

இப்போது அந்தப் பொய்க் குற்றத்துக்கு வருகிறேன்.

நீ சின்னவன், எட்டு வயது. அப்போதெல்லாம் பாலைக் கறந்து கொண்டுபோய் ஊற்றினால் தண்ணீர் கலந்திருக்கும் என்று பெரிய வீடுகளில் வாங்கமாட்டார்கள். மாட்டையும் கன்றையும் அவர்கள் வாசலுக்கே ஓட்டிக்கொண்டுபோய், அவர்கள் பாத்திரத்தில், அவர்கள் கண் முன்னால் கறக்க வேண்டும். நீ கன்றைப் பிடித்துக்கொண்டு வருவாய். நம்மிடம் அப்போது இருந்தது சிவப்புப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. முதல் வாசல் பெஞ்சுக்காரர் வாசல். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, நீ அதைக் கட்டை எழுத்தில் போட்டது போதும். தாலுகாவுக்கு அதிகாரியாக, அமல்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம்தான் பெஞ்சு கோர்ட்டில் சம்பளமில்லாத மாஜிஸ்திரேட்டாக உட்காரத் தொடங்கியிருந்தார். விளக்கில்லாத வண்டி, தெருவில் திரிகிற மாடு, குழாயடிச் சண்டை, இந்த மாதிரிச் சின்ன வழக்குகளெல்லாம் அங்கேதான்.

தசராவுக்குப் பத்து நாள் இருந்தது. பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற இஞ்சினீர் ஒருவர் புஷ்பக் காட்சிக்கு வைப்பதற்காகத் தொட்டி தொட்டியாக டேலியாப் பூ வளர்த்திருந்தார். ஒரு நாள் விடியும் நேரத்தில் நம் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. நான் தேடக் கிளம்புவதற்குள் அதுவாகவே திரும்பி வந்து நின்றது. நேரமாகிவிட்டதே என்று அப்படியே பெஞ்சுக்காரர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாட்டைப் பார்த்தார். "ஏனம்மா, நின்ன ஹசு எலெ அடிகெ ஹாகிதெயா?" என்று கேட்டுச் சிரித்தார். உன் பசு வெற்றிலை பாக்குப் போட்டிருக்கிறதா என்று. திரும்பிப் பார்த்தேன். பசுவின் வாயெல்லாம் சிவப்பு. உதட்டோரத்தில் முழு இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முந்தானையால் அதன் வாயைத் துடைத்தேன். இதழை மடியில் செருகிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து கறந்தேன். பாத்திரத்தில் பால் விழ விழ, அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

(அண்ணா, இந்த வாரம் வரைக்கும் இதை அம்மா எனக்குச் சொன்னதே இல்லை. இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். "எழுது" என்றாள். எழுதுகிறேன்.)

அன்றைக்குக் காலையில் இஞ்சினீர் வீட்டுத் தோட்டக்காரன், அரை இருட்டில் ஒரு சிவப்பு மாடு ஓடியதைப் பார்த்தேன், நெற்றியில் வெள்ளை இருந்தது என்று புகார் கொடுத்தான். அதே போல இன்னொரு பசு நம் தெருவின் கோடியில் இருந்தது. நிங்கம்மாவின் பசு. நிங்கம்மா புருஷன் இல்லாதவள், மோர் விற்பவள், நஞ்சன்கூட்டிலிருந்து வந்து வாடகைக் குடிசையில் இருந்தவள். நம் பசு அதற்குள் கொட்டிலில் சாதுவாகக் கட்டிக் கிடந்தது. அவளுடையது சாலையோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் அதைப் பிடித்து, தெருவில் திரிகிற மாடுகளை அடைக்கிற பவுண்டில் அடைத்துவிட்டார். பிறகு என் மாடும் அதே நிறம் என்று யாரோ சொல்ல, இரண்டு பேரையும் கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள்.

கோர்ட் என்றால் நீ நினைப்பது போல இல்லை. ஒரு நீளமான அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. அன்றைக்கு நடு நாற்காலியில் அவர். தோட்டக்காரன் இரண்டு மாட்டில் எது என்று சொல்ல முடியாமல் தலையைச் சொறிந்தான். பெஞ்சுக்காரர் என்னைப் பார்த்தார். "இவளை எனக்குத் தெரியும். நம்ம வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். ஒழுங்கானவள். நீ போகலாம்" என்றார். ஒரே நொடியில் விடுவித்தார் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறாயே, அது மட்டும் நிஜம்.

பிறகு நிங்கம்மா பக்கம் திரும்பினார். அவள், "என் பசு இல்லை சுவாமி" என்றாள். "சாட்சி யார்?" என்றார். "பசுதான் சுவாமி. அது அறுத்துக்கொண்டு போகிற மாடு இல்லை, கயிறு அப்படியே இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றாள். பசு சாட்சி சொல்லுமா என்று ஒரு குமாஸ்தா கேட்டார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வெற்றிலை பாக்குப் போட்டிருக்கிறதா என்று கேட்டுச் சிரித்த அதே சிரிப்பு. நிங்கம்மா யாரையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் அறுந்த கயிற்றைப் பசு திரும்பி வந்த காலையிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அபராதமும் பூவுக்கு நஷ்டமும் அவள் தலையில் விழுந்தன. வெளியே வரும்போது அவர் என்னிடம் குனிந்து, "போ போ, மத்தியானப் பாலுக்கு நேரமாச்சு" என்றார்.

அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "அன்றைக்குக் காலையில் உன் மாட்டின் வாயில் என்ன?" என்று. சத்தியமாகச் சொல்கிறேன், நேருக்கு நேராகக் கேட்டிருந்தால் என்னால் பொய் சொல்லியிருக்க முடியாது. பதில் தெரிந்ததால்தான் அவர் கேட்கவில்லை. சபை என்றால் என்ன என்று உன் தங்கை எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து படித்துச் சொன்னாள். அங்கே போகிறவர்களுக்குச் சட்டம் போடுகிற அதிகாரம் பெரிதாக ஒன்றுமில்லையாம். திவான் முன்னால் எழுந்து நின்று கேள்வி கேட்கலாமாம், ஊர்க் குறையைச் சொல்லலாமாம். கேட்பதுதான் வேலை. கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் இருந்தவரை, கேட்பதையே வேலையாகக் கொண்ட இடத்துக்கு அனுப்பு என்று நீ நோட்டீஸ் போடுகிறாய். அதற்கு என்னையே சாட்சியாக வைக்கிறாய்.

இன்னும் முடியவில்லை. நிங்கம்மாவால் பவுண்டிலிருந்து மாட்டை மீட்க முடியவில்லை. நாள் கடந்ததும் ஏலம் போட்டார்கள். ஏலத்தில் அந்தப் பசுவை எடுத்தது யார் தெரியுமா? உன் அப்பா. எனக்குத் தெரியாமல் எடுத்தார் என்று எழுதினால் எனக்குச் சௌகரியம். தெரிந்துதான் எடுத்தார். "நாம எடுக்கலீனா வேறெவனாவது கசாப்புக்காரன் எடுப்பான்" என்றார். நானும் சரியென்று தலையை ஆட்டினேன். பூ விஷயம் மட்டும் அவரிடமும் சொல்லவில்லை. உனக்கு அந்த வருஷம் காய்ச்சல் வந்து உடம்பு தேறாமல் இருந்தது, பால் நிறைய வேண்டியிருந்தது, அதற்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. அதுவும் இல்லை. மாடு நல்ல மாடு, விலை மலிவு. அவ்வளவுதான். அந்தப் பசு ஒன்பது வருஷம் கறந்தது. உன் புத்தகம், உன் பரீட்சைக் கட்டணம், உன் முதல் கோட்டு எல்லாம் அதன் மடியிலிருந்து வந்தவை. முதல் நாள் அதைப் பெஞ்சுக்காரர் வாசலில் கொண்டுபோய்க் கட்டியபோது அவர் நெற்றிச் சுட்டியைப் பார்த்துவிட்டு, "புது மாடா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "பழைய மாடு மாதிரியே இருக்கிறது" என்றார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். பிறகு நான் வீட்டிலேயே கறந்து கொண்டுபோய் ஊற்றத் தொடங்கியும், பதினாறு வருஷமாக அவர் வீட்டில் என் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை.

நான் இதைச் சொல்லாமல் இருந்ததற்கு அவரை மட்டும் திட்டி என்னால் தப்பித்துக்கொள்ள முடியாது. அவரிடம் எனக்குக் கோபம், உன்னிடம் அதைவிடக் கோபம், இரண்டுக்கும் கீழே நான் என்னையே எத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தேன் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நிங்கம்மா நஞ்சன்கூட்டில் ஓர் அரிசி மில்லில் நெல் காயப்போடுகிறாள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அந்த ஊர்க் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் மில் இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவேன். உன் தங்கை சின்னவளாக இருந்தபோது, "ஏனுங்கம்மா இப்படிச் சுத்திப் போறோம்?" என்று கேட்பாள். நிழல் இருக்கிறது என்பேன். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது என்று அவள் இப்போது சொல்கிறாள். அப்போதே கவனித்திருக்கிறாள்.

நீ போன மறுநாள், திங்கட்கிழமை, அவளைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். உனக்கு இந்த இடத்தில் ஆறுதல் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே, எனக்கும் கிடைக்கவில்லை. நிங்கம்மா களத்தில் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை. நிழலுக்கும் கூப்பிடவில்லை. கன்னடத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதச் சொல்கிறேன். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, பூ, முந்தானை, ஏலம். ஒவ்வொன்றாக. அவள் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை. கடைசியில், "எனக்கு இப்போது ஒரு வோட்டு இருக்கிறது. நீ யார் பெயரைச் சொல்கிறாயோ அவருக்குப் போடுகிறேன்" என்றேன். ஏதோ பெரிதாகக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

"வோட்டா?" என்றாள். "எனக்கு எதற்கு? மாட்டைக் கொண்டுவந்திருந்தால் கட்டியிருப்பேன்."

"மாடு செத்துப் பல வருஷம் ஆயிற்று."

"தெரியும். வயது கணக்குப் போட்டு வைத்திருந்தேன்." அப்போதுதான் கிளறுவதை நிறுத்தினாள். "அந்தப் பூ என்ன நிறம்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"பூ, பூ. என் பசு தின்றது என்றார்களே. நான் பார்த்ததில்லை. யாரும் காட்டவில்லை."

"சிவப்பு" என்றேன்.

"சிவப்பா?" என்றாள். "நான் இத்தனை வருஷமும் மஞ்சள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்." பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு களத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். திரும்ப வரவில்லை. ரயிலில் உன் தங்கை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் கெட்டதற்காக அல்ல.

ஆகவே யாருக்கு வோட்டுப் போட வேண்டும் என்பதை எனக்குச் சொல்ல யாரும் இல்லை, நானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பெஞ்சுக்காரரை எதிர்த்து நிற்கிற மருந்துக்கடைக்காரரைப் பெரிய ஞானி என்று நான் சொல்லவில்லை. அவரும் கும்பிட்டுக்கொண்டுதான் வந்தார், "தாயே" என்றார், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. புதுக் குடியிருப்பு போட்டு எங்கள் மேய்ச்சல் நிலத்தை வளைத்துவிட்டார்களே, அது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் கிடைக்கும் தாயே என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர், "தெரியாதம்மா, விசாரித்துச் சொல்கிறேன்" என்றார். நான் மறந்தேபோய்விட்டேன். நான்கு நாள் கழித்து வெயிலில் நடந்து வந்து, "விசாரித்தேன். திரும்பக் கிடைக்காது. மனைகள் விற்றாகிவிட்டன. வேறு பக்கம் கொஞ்சம் இடம் கேட்டுப் பார்க்கலாம், அதுவும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது" என்றார். வோட்டு கேட்க வந்தவர் எனக்குப் பிடிக்காத பதிலை என் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அது போதும். அவர் நாளைக்குக் கெட்டுப்போகலாம். கெட்டுப்போனால் அடுத்த தடவை வேறு ஆளைப் பார்ப்பேன்.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன். ஒருவரை மேலே உட்காரவைக்கும் முன்னால் அவரால் விடுவிக்கப்பட்டவளை மட்டும் போய்ப் பார்க்காதே. அதே நாளில், அதே அறையில், அவரால் தண்டிக்கப்பட்டவள் எங்கே இருக்கிறாள் என்று தேடு. ரயில் ஏறிப் போகவேண்டியிருந்தால் போ. விடுவிக்கப்பட்டவள் எதையும் சொல்வாள். பதினாறு வருஷம் சொல்லாமலும் இருப்பாள். நானே அதற்கு அத்தாட்சி.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நீ வாசற்படியில் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். நான் உன்னிடம், "அன்னைக்கி கோர்ட்டுல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு, நிமிராமல், "நம்ம மாட்டு வாயில இருந்த அந்தப் பூவைப் பத்தி இப்ப யாருக்குங்கம்மா தெரியப்போகுது?" என்றாய்.

நான் அதுவரை அந்தப் பூவைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூட. கோர்ட்டிலும் நம் மாட்டின் வாயைப் பற்றிப் பேச்சு வரவில்லை. தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் பெஞ்சுக்காரரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற உன்னை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. நீ பார்த்திருக்கிறாய். இதழை நான் மடியில் செருகியதைப் பார்த்திருக்கிறாய். நிங்கம்மாவின் பசு நம் கொட்டிலுக்கு வந்ததையும் பார்த்திருக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டுதான் பொய்க் குற்றம் என்று எழுதினாய். தெரியாமல் செய்திருந்தால் உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டுச் சொல்லியிருப்பேன். "அம்மா, அன்றைக்கு என்ன நடந்தது?" என்று நீ என்னைக் கேட்காததன் காரணமும் அவர் கேட்காததன் காரணமும் ஒன்றேதான். அதை நீ அவரிடம் கற்றாயா, என்னிடம் கற்றாயா என்று யோசித்துப் பார்த்தேன். என்னிடம்தான். வாயைத் துடைத்தது என் கை.

வருகிற புதன்கிழமை வோட்டு. நம் தெருவுக்குச் சாவடி பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்று உன் தங்கை விசாரித்து வந்திருக்கிறாள். எழுதத் தெரியாதவர்கள் அதிகாரியிடம் பெயரைச் சொன்னால் அவர் குறி போடுவாராம், இரண்டு தரப்பு ஏஜெண்டுகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்களாம். பெஞ்சுக்காரர் பக்கத்து ஏஜெண்டு நீ. குமாஸ்தா வேலை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு வாடிக்கை வீடுகளில் பாதி என் பாலை நிறுத்திவிடும் என்பதும் தெரியும். காலையில் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு, அதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் வருவேன். எனக்குக் காது மந்தம், ஆகவே உரக்கத்தான் பேசுவேன். நீ எழுந்து போக வேண்டாம். உட்கார்ந்து கேள். அன்றைக்கு என் வாயை யாரும் துடைக்க வேண்டியதில்லை.

நோட்டீஸில் உள்ள பெயருக்கு உடையவள்,
உன் அம்மா.

எழுதியது: உன் தங்கை, நான்காம் பாரம்.